அது உன் சுபாவம் இல்லை, செல்வி

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். அந்தக் கதையை அப்புறம் சாவகாசமாக எழுதுகிறேன். முதலில் உன் விஷயம்.

உன் கணவர் அலமாரிக் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாலே நெஞ்சு படபடக்கிறது, பிறகு இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை என்கிறாய். போதாததற்கு ரத்த அழுத்தம், தூக்கமின்மை, எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாத வயிற்றுவலி. கடைசியில், “என் சுபாவமே இப்படித்தான்” என்று முடித்திருக்கிறாய். அந்த வரியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சின்ன வயதில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். வாசலில் உங்கள் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் உன் பென்சில் நின்றுவிடும். நடை எப்படி விழுகிறது என்பதை வைத்தே அன்றைக்குக் குடித்திருக்கிறாரா, அம்மாவுக்கு அடி விழுமா என்று சொல்லிவிடுவாய். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அது தேவைப்பட்டது. அந்தக் காதுதான் இன்றைக்கும் அலமாரிக் கதவைக் கேட்டுத் திடுக்கிடுகிறது.

ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆபத்து விலகியதும் எல்லாம் அடங்க வேண்டும். தினமும் பயந்து வளரும் குழந்தைக்கு அடங்குவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. வளர்கிற மூளையும் அந்தப் பதற்றத்துக்கே பழகிவிடுகிறது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் 1980களில் உடல் பருமனுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். விசாரித்தால், பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். பருத்த உடம்பு தங்களுக்குப் பாதுகாப்பு என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரும் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய இளமைக்காலத்தைப் பற்றிக் கேட்டார்கள்: அடி, அவமானம், வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்த்தது. முதல் முடிவுகள் 1998இல் வந்தன. நான்கு வகைக் கொடுமைகளையோ அதற்கு மேலோ கண்டவர்களுக்கு, ஒன்றையும் காணாதவர்களைவிட மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி போன்றவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. இதய நோயும் கூடுதல்தான்.

இதைப் படித்துவிட்டு நீ விரல்விட்டு எண்ண ஆரம்பிக்காதே, செல்வி. அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒருவருக்கு என்ன வரும் என்று சொல்ல அந்த எண் உதவாது என்று ஆண்டாவே 2020இல் எழுதினார்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் இருவரைப் பற்றித்தான். “என்ன ஆச்சு?” என்று அவர் கேட்கிறார், நீ “ஒன்றுமில்லை” என்கிறாய். உனக்குத் தன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து அவரும் ஒதுங்கிப்போகிறார். அவர் ஒதுங்குவதைப் பார்த்து உனக்குப் பயம் இன்னும் கூடுகிறது. இத்தனை வருடத்தில் அந்தச் செருப்புச் சத்தத்தைப் பற்றி அவரிடம் சொன்னதே இல்லை என்று எழுதியிருக்கிறாயே, சொல். சண்டை நடக்கும்போது வேண்டாம், சாதாரணமான ஒரு நேரத்தில் சொல். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மிகக் கஷ்டமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறி வந்தார்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரின் துணை இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பின்னாளில் நல்ல துணை அமைந்து மீண்டவர்களும் உண்டு. அவர் நல்ல மனிதர், செல்வி.

மாத்திரையை நிறுத்தாதே. அடுத்த முறை டாக்டரிடம் வயிற்றுவலியோடு இதையும் சேர்த்துச் சொல். இப்படிப்பட்ட பாதிப்புகளுக்கென்றே பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், டாக்டரையே கேட்டு ஒருவரைப் பார். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், நான் கிளம்பி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன், எடு.

அன்புடன்,
மீனா