பப்பாளிக்கு உறவு முருங்கையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார வேளாண் பகுதியில் வந்த பப்பாளிச் சாகுபடிக் கட்டுரை, உரம், பாசனம் பற்றிச் சொன்னவரையில் குறை காண இடமில்லை. ஆனால், பப்பாளியைத் தாட்பூட்பழ (பேஷன் ஃப்ரூட்) குடும்பத்தில் சேர்த்திருப்பது சரியன்று. ஒரே அறையான சூலகத்தின் உட்சுவரில் விதைகள் ஒட்டியிருப்பது போன்ற ஒற்றுமைகளைக் கொண்டு பெந்தம், ஹூக்கர் என்னும் ஆங்கிலத் தாவரவியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் வகுத்தது அது. நம் கல்லூரிகளில் அவர்கள் முறை இன்னும் பாடமாக இருப்பதால் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

இன்றைய தாவரவியல் பப்பாளியைக் காரிகேசி என்னும் தனிக் குடும்பமாக்கிக் கடுகு வரிசையில் வைக்கிறது. மரபணு ஒப்பீட்டின்படி அதற்கு மிக நெருங்கியது முருங்கைக் குடும்பமே. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைக்கு அடுத்த காட்டில் பப்பாளி வைத்திருப்பவர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். பழுத்த பப்பாளியின் விதையை, மேலுள்ள வழுவழுப்பான உறையை நீக்கிவிட்டுக் கடித்தால் நாக்கில் ஏறும் காரமும், முருங்கை வேர்ப்பட்டையைக் கீறினால் மூக்கில் ஏறும் நெடியும், கடுகு அரைக்கையில் கண்ணில் நீர் வரவழைப்பதும் ஒரே வகை வேதிப்பொருள்களே. திசு நசுங்கியதும் அதிலுள்ள குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மத்தை மைரோசினேஸ் என்னும் நொதி சிதைப்பதால் அவை உண்டாகின்றன.

இக்குடும்பத்தில் 6 பேரினங்கள், ஏறத்தாழ 35 இனங்கள். சைலிகோமார்ஃபா என்னும் பேரினம் மட்டும் ஆப்பிரிக்காவில் பெருமரமாக நிற்க, மற்றவை யாவும் அமெரிக்கக் கண்டத்தவை. இரு கிளைகளும் பிரிந்து மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. பப்பாளியின் உடன்பிறப்பு, தோற்றத்தில் ஒத்த ஆண்டீஸ் மலைப் பப்பாளி அன்று. மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியில் தரைக்கடியில் கிழங்கு வைத்து வளரும் ஜரில்லா போன்ற சிறு செடிகளே என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கட்டுரை தொடாத ஒன்றும் உண்டு. காட்டுப் பப்பாளியில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். இருபால் மரம் மனிதர் வளர்ப்பில் தேர்ந்து வந்தது. அதன் பூவைத் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளச் செய்து விதையெடுத்தால், இரண்டு ஒய் குரோமோசோம் பெற்ற கரு பிழைக்காது என்பதால், இரண்டு இருபால் கன்றுக்கு ஒரு பெண் கன்று என்ற விகிதத்தில் முளைக்கும். ஆகவே, ஆண், பெண் மரங்கள் தனித்தனியாக வரும் கோ 2 இரகத் தோட்டத்தில் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் விடும் கணக்கு, இருபால் மரமும் பெண் மரமும் வரும் கோ 7 இரகத்துக்குப் பொருந்தாது. அங்கே பூத்ததும் களைய வேண்டியவை பெண் கன்றுகள். ஆனி, ஆடி நடவுக்கு நாற்று விடுவோர் குழம்பாதிருக்க, அடுத்த இதழில் இதைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தாராபுரம்.