கதவைத் திறக்க எழுத்தறிவு வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் 'தி ரீடர்' படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2008இல் வந்த படத்துக்கு இப்போது அரைப் பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி. கேட் வின்ஸ்லெட்டின் நடிப்பைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் எனக்கு மறுபேச்சு இல்லை, அந்தப் படத்துக்காகத்தான் அவர் ஆஸ்கர் வாங்கினார். ஆனால் கட்டுரையை மடித்து வைத்தபோது மனதில் நின்றது இவ்வளவுதான்: பாவம் ஹன்னா, எழுதப் படிக்கத் தெரியாதவள், அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஆயுள் தண்டனை வாங்கிக்கொண்டாள். அங்கேதான் எனக்கு இடித்தது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1958, மேற்கு ஜெர்மனி. மைக்கேலுக்கு வயது 15, டிராம் கண்டக்டர் ஹன்னாவுக்கு 36. உறவு தொடங்குகிறது, அவனைப் புத்தகம் புத்தகமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டே போய்விடுகிறாள். எட்டு வருடம் கழித்து அவன் சட்டக் கல்லூரி மாணவனாக ஒரு வழக்கு விசாரணையைப் பார்க்கப் போனால் குற்றவாளிக் கூண்டில் அவள். நாஜிகளின் முகாமில் காவலராக இருந்தவள். கைதிகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போன வழியில் ஒரு தேவாலயத்தில் அடைத்துப் பூட்டுகிறார்கள், இரவில் குண்டு விழுந்து தீப்பிடிக்கிறது, காவலர்கள் யாரும் கதவைத் திறக்கவில்லை, முந்நூறு யூதப் பெண்கள் உள்ளேயே எரிந்து போகிறார்கள். அதைப் பற்றிய அறிக்கையை எழுதியது இவள்தான் என்று கூட நின்ற மற்ற காவலர் பெண்கள் கை காட்டுகிறார்கள். எங்கே, எழுதிக் காட்டு என்று நீதிபதி காகிதத்தைத் தள்ளுகிறார். எழுதத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொள்கிறாள்.

இதைப் பார்த்து, ஒரு மனுஷி இப்படியும் செய்வாளா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்க மாட்டேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது தொண்டராகச் சேர்ந்தவள் நான். கல் உடைக்கிற வேலை முடிந்து சோறாக்கி வைத்துவிட்டு வரும் பெண்களுக்கு அரிக்கேன் விளக்கில் 'பட்டா, படி' சொல்லிக்கொடுத்த காலம். ஒரு அக்கா மூன்று வாரம் வரவில்லை. கேட்டால் கண்ணாடி உடைந்துவிட்டது என்றார், அவர் கண்ணாடியே போட்டதில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. சங்கத்தில் கடன் வாங்கி ரேகை வைத்துவிட்டு வரும்போது விரல் மையை முந்தானையின் உள்பக்கத்தில்தான் துடைப்பார்கள், வெளிப்பக்கம் துடைத்தால் கறை தெரியுமே. கைநாட்டு என்ற வார்த்தையை நம் ஊரில் வசவாகத்தானே வைத்திருக்கிறோம்? அதனால் ஓட்டலில் மெனுவைப் பார்த்து ஹன்னா விழிப்பதும், ஆபீஸ் வேலைக்குப் பதவி உயர்வு என்றதும் வேலையையே உதறிவிட்டுக் கிளம்புவதும் எனக்குச் சினிமாவாகத் தோன்றவில்லை.

சரி, வெட்கம் உண்மை. ஆனால் அந்த வெட்கம் எதை விளக்குகிறது என்று பாருங்கள். டிராம் வேலையை ஏன் விட்டாள், அறிக்கையை ஏன் தலையில் ஏற்றுக்கொண்டாள் என்பதை விளக்குகிறது. சீமென்ஸ் தொழிற்சாலையில் பதவி உயர்வு வந்ததும் அதை விட்டுவிட்டு முகாம் காவலுக்குப் போய்ச் சேர்ந்ததைக்கூட விளக்கும் என்று வையுங்கள். கதவை ஏன் திறக்கவில்லை என்பதை விளக்குகிறதா? தாழ்ப்பாளை நீக்க அ, ஆ தெரிய வேண்டியதில்லை. படத்திலேயே அவள் சொல்லும் காரணம் வேறு: திறந்தால் ஓடிவிடுவார்கள், அவர்களுக்கு நாங்கள்தானே பொறுப்பு. மாதாமாதம் கைதிகளில் ஆள் பொறுக்கி ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பியதைக் கேட்டபோதும் அதே தொனி, புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இடம் வேண்டாமா என்கிறாள். சாவுக்குத்தான் அனுப்புகிறோம் என்று தெரிந்தே செய்த வேலை. முகாமிலும் சில பெண்களை வாசிக்க வைத்துக் கேட்டிருக்கிறாள், அவர்களையும் பிறகு அந்த வண்டியிலேயே அனுப்பியிருக்கிறாள். உங்கள் கட்டுரையில் இந்தக் காட்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொன்ன அந்த அக்கா, ஒரு சித்திரை மாதம் பக்கத்துத் தெருவில் கூரை பற்றிக்கொண்டபோது குடத்தோடு முதலில் ஓடியவர். கையெழுத்துப் போட அப்போது அவருக்குத் தெரியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. யூதர்களைக் கொன்று ஒழிக்கும் வேலையை எந்த அலுவலகம் எதைச் செய்ய வேண்டும் என்று பேசி முடிக்க 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் புறநகர் வான்சேயில் 15 அதிகாரிகள் கூடினார்கள். அவர்களில் எட்டுப் பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். எழுத்தும் கணக்கும் ரயில் கால அட்டவணையும் இல்லாமல் அந்தக் கொலை நடந்திருக்காது. படத்தின் மூல நாவல் வெளிவந்த பிறகு இதைத்தான் அமெரிக்க எழுத்தாளர் சிந்தியா ஓசிக் கேட்டார், ஐரோப்பாவிலேயே அதிகம் படித்திருந்த ஒரு சமூகத்தின் குற்றத்துக்கு எழுத்தறியாத ஒருத்தியை எதற்கு முன்னே நிறுத்துகிறீர்கள் என்று. படம் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நிஜத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் நேர் எதிர். நாஜிகளின் ஷ்டுட்ஹோஃப் முகாம் தளபதியின் அலுவலகத்தில் 1943 முதல் 1945 வரை தட்டச்சராக இருந்த இர்ம்கார்ட் ஃபுர்ஷ்னர் என்ற பெண்மணியை 2022 டிசம்பரில்தான் ஜெர்மன் நீதிமன்றம் குற்றவாளி என்றது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தை. அப்போது அவருக்கு வயது 97. வேலையில் இருந்தபோது 18, 19 வயது என்பதால் சிறார் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது, இரண்டு வருடத் தண்டனையையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2021இல் வழக்கு தொடங்கிய நாளில் முதியோர் இல்லத்திலிருந்து டாக்சி பிடித்துத் தப்பிப் போய், சில மணி நேரத்தில் பிடிபட்டவர் இவர். நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர். எழுதுவதுதான் அவருடைய வேலையே.

மைக்கேலையும் கட்டுரையாளர் சும்மா விட்டுவிட்டார். ஹன்னாவுக்கு எழுதத் தெரியாது என்று அந்த நீதிமன்றத்தில் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். பேராசிரியரிடம் பாதி சொல்கிறான், சிறை வாசல் வரை போய்த் திரும்பி வருகிறான். ஏன் திரும்பினான்? இவளோடு எனக்கு என்ன உறவு என்று சொல்ல வேண்டி வருமே. அவள் ஒரு வெட்கத்தை மறைத்தாள் என்றால் அவன் இன்னொன்றை மறைத்தான், மற்ற பெண்கள் நான்கு வருடம் சொச்சத்தோடு போக இவளுக்கு ஆயுள். பிறகு வருடக்கணக்காகக் கேசட்டில் கதை வாசித்து அனுப்புகிறான், செகாவின் 'நாய்க்காரச் சீமாட்டி'யை நூலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு அந்தக் குரலோடு ஒவ்வொரு சொல்லாகப் பொருத்திப் பார்த்து அவள் எழுத்தைக் கற்றுக்கொள்கிறாள். அந்தக் காட்சியில் நான் அழுதேன், அதை மறைக்கவில்லை. எங்கள் வகுப்பில் சொந்தப் பெயரை முதன்முதலில் எழுதியவர்களின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் அழுகை வந்துவிட்டதால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று படமே சொல்லவில்லையே! ஹன்னா செத்தபின் அவள் சேர்த்து வைத்த பணத்தை, தேவாலயத் தீயில் தப்பிய பெண்ணிடம் நியூயார்க்கில் மைக்கேல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பணம் வேண்டாம் என்கிறாள். பணம் இருந்த தகர டப்பாவை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறாள், அவள் சின்ன வயதில் அப்படி ஒரு டப்பா வைத்திருந்து முகாமில் பறிகொடுத்தவள். மன்னித்தேன் என்று எங்கேயும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. கட்டுரை முழுக்க 'தடை செய்யப்பட்ட காதல்' என்றே வருகிறது, வண்ணப்படத்தின் கீழும் 'காதலர்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். பையனின் வயதை எங்கேயும் போடவில்லை. 36 வயது ஆணும் 15 வயதுச் சிறுமியும் என்றால் இதே சொல்லை அச்சில் ஏற்றியிருப்பீர்களா? நம் போக்சோ சட்டம் பாதிக்கப்பட்ட குழந்தை பையனா பெண்ணா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. யாரோடும் ஒட்டாமல் பாதி வாழ்க்கையைத் தள்ளும் நடுவயது மைக்கேலைப் பார்த்த பிறகுமா காதல் என்கிறோம்? அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த வயதை மட்டுமாவது ஒரு வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுக்கோட்டை.