ஐஸ் ஹவுஸுக்கு ஏது ஜன்னல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேறு வேலைக்கு மாறிய பழைய சென்னைக் கட்டடங்கள் என்று உங்கள் இதழில் வந்த நீர்வண்ண ஓவியங்கள் கண்ணுக்கு நிறைவு. ஆனால் ஐஸ் ஹவுஸ் என்று பெயர்பெற்ற விவேகானந்தர் இல்லத்தின் ஓவியத்துக்குக் கீழே '1842' என்று போட்டிருக்கிறீர்கள். வரைந்திருப்பது 1842-இல் நின்ற கட்டடம் அல்ல.

அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த ஐஸ் கட்டிகளை வைக்க ஃபிரெடரிக் டியூடரின் கம்பெனி கட்டிய கிடங்கு அது. வெயில் நுழையவே கூடாத இடத்தில் வரிசை வரிசையாக ஜன்னல் எதற்கு? ஊரிலேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வாங்கிய வக்கீல் பிலிகிரி ஐயங்கார்தான் குடியிருக்க வேண்டி வளைவான தாழ்வாரங்களும் ஜன்னல்களும் வைத்தார். 1897-இல் விவேகானந்தர் தங்கியது அந்த வீட்டில். ஆக, ஜன்னல்தான் இங்கே வரலாறு. அதை வரைந்தால் வருடத்தை மாற்ற வேண்டும்.

அந்த ஜன்னல்களிலும் ஒரு பிழை. அரைவட்ட முகப்பில் எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் வரைந்ததால் சுவர் தட்டையாகிவிட்டது. தாளின் அடியில் ஓர் அரைவட்டம் போட்டு, அதைப் பத்துச் சம பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நேர்க்கோடு ஏற்றினால் போதும். நடுவிலிருந்து ஓரம் 10 செ.மீ. என்றால், நடுவை ஒட்டிய பாகம் 3.1 செ.மீ. வரும், ஓரத்துப் பாகம் அரை செ.மீ.கூட வராது. கண்மட்டத்துக்கு மேலே உள்ள விளிம்புகள் நடுவில் மேல்நோக்கி வளையும். உயரம் கூடக்கூட வளைவும் கூடும். படத்தில் மேல்மாடி விளிம்பு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருக்கிறது.

முகப்பு கிழக்கே கடலைப் பார்த்தது. காலை பத்து மணிக்குள் நிழல்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து முகப்பே மங்கிவிடும். வானத்தில் தெரியும் காலிஃபிளவர் போன்ற கறைகள் மேகமல்ல என்று நினைக்கிறேன். கடற்காற்றின் ஈரத்தில் முதல் பூச்சு சீக்கிரம் காயாது. அரைகுறையாகக் காய்ந்ததன்மேல் தண்ணீர் அதிகமான தூரிகை பட்டால் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள். தாள் சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை.

சேப்பாக்கம் மாளிகை ஓவியத்திலும் இதே கதைதான். 'நவாப் காலம்' என்று தலைப்பு, நடுவிலோ ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் பின்னாளில் சேர்த்த கோபுரம்! ஏ.சி. பெட்டி, ஒயர், அலுவலகப் பலகை எதுவும் காணோம். 2012 ஜனவரியில் தீப்பிடித்தபோது அந்த மாளிகையின் ஒரு பகுதியான கலஸ் மகாலில் இயங்கியவை அரசு அலுவலகங்கள். அப்படி ஓர் அலுவலகம் அங்கே இருந்ததற்கான அடையாளத்தைத் துடைத்துவிட்டு, 'புதிய பயன்பாடு' என்று எதைக் காட்டுகிறார் ஓவியர்?

அடுத்த இதழில் இரண்டு தலைப்புகளையும் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி