சீசாவுக்குள் இருந்த தண்ணீர்

அன்புள்ள செல்வி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை, திட்டிக்கொள். நான் நலம், நம் தாடிப் பேராசிரியரும் நலம், இன்னும் அதே சட்டைதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன், இதை வேறு யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

போன முறை பெருமையடித்தேனே, லாந்தனம் கோபால்ட்டைட் என்ற ஆக்சைடில் நூறு லாந்தனத்துக்குப் பதினேழை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்சியம் வைத்தேன், அதாவது 0.17 அளவு சேர்த்தேன் என்று? 0.18 பக்கம் வரை அது ஸ்பின் கண்ணாடி, அதாவது ஸ்பின்கள் என்ற அணுக் காந்தங்கள் கண்டபடி உறைந்து கிடக்கும்; தாண்டினால்தான் அவை ஒரே பக்கம் திரும்பும் ஃபெர்ரோகாந்தம், மின்சாரமும் உலோகத்தில் போல ஓடும். என்னுடையது 0.17-லேயே ஓடியது. நீகூட ‘எல்லைக்கோட்டையே நகர்த்திட்டியாடி’ என்று எழுதினாய். கோடு அங்கேயேதான் இருக்கிறது. எல்லாம் நான் எடை போட்ட லட்சணம்.

மூலப்பொருளான லாந்தனம் ஆக்சைடு காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து ஹைட்ராக்சைடு ஆகிவிடும் என்பது முதல் வருடத்திலேயே படித்ததுதான். உலையில் சுட்டுவிட்டு, சூடு ஆறியதும் உடனே எடை போட வேண்டும். முழுக்க மாறிவிட்டால் நூறு கிராமில் பதினாலு கிராம் தண்ணீர். சீசா புதுசுதானே என்று நான் சுடவே இல்லை. போன வாரம் சந்தேகம் வந்து அதிலிருந்து 5 கிராம் எடுத்து 900 டிகிரியில் சுட்டேன். திரும்பி வந்தது 4.4 கிராம். தராசின் முன் உட்கார்ந்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், எண் மாறவில்லை.

அப்புறம் கணக்குப் போட்டேன். லாந்தனம் நூற்றுக்குப் பன்னிரண்டு குறைந்தால் 0.17 என்று நினைத்தது கிட்டத்தட்ட 0.19. தாண்டாமல் என்ன செய்யும்! மிஞ்சிய கோபால்ட் ஆக்சைடாக ஒதுங்கியிருக்க வேண்டும், ஒதுங்கியும் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் 37 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன மேடு. தாமிர எக்ஸ்ரே குழாயில் எடுத்தால் கோபால்ட்டே ஒளிர்ந்து பின்னணியைத் தூக்கிவிடும் இல்லையா, அந்த இரைச்சல்தான் என்று தள்ளிவிட்டேன். தெரிந்தே தள்ளினேனோ என்றுதான் இரவில் தோன்றுகிறது.

காந்தத்தால் எப்படியடி குளிரும் என்று கேட்டிருந்தாய். புலத்தைப் போட்டால் ஸ்பின்கள் வரிசைக்கு வரும், அந்த ஒழுங்குக்கு விலையாகப் பொருள் சூடாகும். சூட்டை வெளியே கடத்திவிட்டுப் புலத்தை எடுத்தால் ஸ்பின்கள் மறுபடி கலையும், கலைய வேண்டிய வெப்பத்தைப் பொருளிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். 1933-லேயே ஜியோக் இப்படித்தான் ஒரு கடோலினியம் உப்பை ஒரு கெல்வினுக்கும் கீழே கொண்டுபோனார். கடோலினியம் உலோகம் அறை வெப்பத்தில், 5 டெஸ்லா புலத்தில், கிலோவுக்குக் கெல்வினுக்குச் சுமார் 10 ஜூல் என்ட்ரோபி மாற்றம், அதாவது ஒழுங்கின்மையில் மாற்றம், தரும். ஸ்ட்ரான்சியம் 0.3 போட்ட என் வில்லை 230 கெல்வின் பக்கம் இரண்டைக்கூடத் தொடவில்லை. ஆனால் அந்த மாற்றத்தின் மேடு அகலமானது, ஒரே வெப்பநிலையில் துள்ளி அடங்கிவிடாது, அது எனக்குப் பிடிக்கும். ‘பிரிட்ஜ் எப்போ’ என்று மட்டும் கேட்காதே.

இந்தக் கோபால்ட்டை விடவும் முடியவில்லை, செல்வி. சுத்தமான லாந்தனம் கோபால்ட்டைட்டை நன்றாகக் குளிரவிட்டால் காந்தக் குணமே இல்லாமல் தூங்கும், 100 கெல்வின் நெருங்கினால் விழித்துக்கொள்ளும். எழுந்தது எந்த ஸ்பின் நிலையில் என்று ஐம்பது அறுபது வருடமாகச் சண்டை.

நிஜக் கவலை வேறு. ஐந்து வில்லைகளும் அந்த ஒரே சீசாவிலிருந்துதான், ஆனால் நாலு மாதத்தில் வெவ்வேறு நாளில் எடுத்தது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு தண்ணீர் ஏறியிருந்தது என்று யாருக்குத் தெரியும்? நான் வரைந்த அழகான வரைபடக் கோட்டில் பாதி ஸ்ட்ரான்சியம், பாதி மழைக்காலம். கட்டுரை வரைவு தாடியின் மேஜையில் இருக்கிறது.

நாளை காலை அவர் அறைக்குப் போகிறேன், 4.4 கிராம் பொடியையும் கையோடு எடுத்துக்கொண்டு. அதற்குள் உன் பதில் வராது, தெரியும். இருந்தாலும் எழுது.

உன்,
மீனா