தாவரவியல் படித்தால் பி.எட். மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை நடக்கும் இந்நாள்களில், பி.எஸ்சி. தாவரவியலில் இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோர், ‘இதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?’ என்று என்னிடம் கேட்கிறார்கள். பி.எட். முடித்து ஆசிரியராகலாம், இல்லையேல் போட்டித் தேர்வு எழுதலாம் என்பதற்கு மேல் நான் படித்த துறையில் எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தாவரவியல் பட்டம் தகுதியானது என்பதையே வயது வரம்பைக் கடந்த பின்புதான் அறிந்தேன்.

சித்த மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் நான் சேர்ந்தது தற்செயல். சேர்ந்த புதிதில், அசோகப் பட்டை என்று வந்திறங்கிய மூட்டையிலிருந்து ஒரு துண்டை ஊறவைத்து, பிளேடால் மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தபோது, அசோகின் புறணியில் வரிசையாகத் தெரிய வேண்டிய கல் செல்கள் (சுவர் தடித்து இறுகிய செல்கள்) அதில் இல்லை. வந்திருந்தது நெட்டிலிங்கப் பட்டை. (பள்ளிக்கூட வாசலில் ஓங்கி நிற்கும் நெட்டிலிங்கத்தையே அசோக மரம் என்று நம்மில் பலர் சொல்லிக்கொண்டிருப்பது வேறு கதை.) கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மனமில்லாமல் பழகிய குறுக்குவெட்டு, அன்று மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்ப வைத்தது.

உலகச் சந்தையில் ‘டின்னவெல்லி சென்னா’ என்று நம் திருநெல்வேலியின் பெயராலேயே விற்பனையாகும் பேதி இலையைச் சித்த மருத்துவம் நிலவாகை என்கிறது. பயிரிடுவோர் அவுரி என்கிறார்கள். நீலச் சாயம் எடுக்கும் வேறொரு செடிக்கும் அவுரி என்றே பெயர். கிடங்கில் காய்ந்து சருகாகக் கிடப்பது இவற்றில் எது என்று பிரித்துச் சொல்ல, தாவரவியல் படித்த கண் வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகளைச் சோதிக்க ஒப்புதல் பெறும் ஆய்வகத்தில் தாவரவியல் அறிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று மருந்து விதிகளே கூறுகின்றன. தொடக்கச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கை பழகியவரை நிறுவனங்கள் எளிதில் விடுவதில்லை.

ஆகவே, மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதன் இணைவுக் கல்லூரிகளும், இறுதியாண்டு தாவரவியல் மாணவர்களை ஒரு மாதமேனும் மருந்துச் சரக்குக் கிடங்கிலோ ஆய்வகத்திலோ பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்துச் சரக்குகளின் குணங்களைக் கற்பிக்கும் அதன் குணபாடத் துறையுடன் பேசி ஏற்பாடு செய்தால், இந்நகரக் கல்லூரி மாணவர்களுக்கு ஆகும் செலவு டவுன் பஸ் கட்டணம் மட்டுமே.

இப்படிக்கு,
தாவரவியல் பட்டதாரி ஒருவர்,
பாளையங்கோட்டை.