யார் பெயரில் எடுக்கிறீர்கள்? பிரித்தானியத் தமிழ்ப் பாடசாலை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

செப்டம்பர் அனுமதிப் பதிவின்போது பிள்ளையின் பிறந்த தேதியிலிருந்து கடலை ஒவ்வாமை வரை எல்லாவற்றையும் கேட்டு எழுதுகிறீர்கள். இந்த முறை வரிசையில் நிற்கும் பெற்றோரிடம் இன்னொரு கேள்வியையும் போட்டு வையுங்கள்: "சைல்ட் பெனிபிட் யார் பெயரில் எடுக்கிறீர்கள்?" பதிலை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. கேள்வி அவர்களோடு வீட்டுக்குப் போனால் போதும்.

பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அரசு தரும் இந்தக் கொடுப்பனவில், மூத்த பிள்ளைக்குக் கிழமைக்கு 26.05 பவுண், அடுத்த பிள்ளைகளுக்குத் தலா 17.25 பவுண் என்ற 2025-26 கணக்கைத்தான் நம்மவர்கள் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய பணம் கண்ணில் படுவதில்லை. பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை, இந்தக் கொடுப்பனவு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய தேசியக் காப்புறுதிக் (நேஷனல் இன்சூரன்ஸ்) கணக்கில், வேலைக்கே போகாவிட்டாலும், ஓய்வூதியத்துக்கான ஆண்டுகள் வரவாகின்றன. இன்றைய அரச ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்கப் பொதுவாக 35 ஆண்டுகள் வேண்டும். பத்துக்குக் குறைந்தால் எதுவும் இல்லை. 2025-26இல் முழுத் தொகை கிழமைக்கு 230.25 பவுணாக இருந்தது. அந்தக் கணக்கில் ஓர் ஆண்டு விடுபட்டால் கிழமைக்கு ஏறத்தாழ ஆறரைப் பவுண், வருடத்துக்கு 340 பவுணுக்கு மேல், கண் மூடும்வரை குறைவாகவே கிடைக்கும். ஐந்து வயது இடைவெளியில் இரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய், அவர்களை வளர்த்த காலத்திலேயே 17 ஆண்டுகளைச் சேர்த்துவிடலாம்.

நம் வீடுகளில் இது பிசகுவது பெயரில்தான். ஆங்கிலப் படிவங்களை நிரப்புவது அப்பாவின் வேலை. வங்கிக் கணக்கும் அவருடையது. ஆகவே பெயரும் அவருடையது. அவருக்குச் சம்பளத்திலிருந்தே அந்த ஆண்டு பதிவாகிவிடுகிறது. அதன்மேல் இந்த வரவு விழுந்து அவருக்கு என்ன பயன்? வீட்டில் பிள்ளை பார்க்கும் அம்மாவின் கணக்கு வெறுமையாகவே கிடக்கிறது. கடையில் நாலு மணி நேரம் நின்று கிழமைக்கு 125 பவுணுக்குக் (2025-26 எல்லை) குறைவாக உழைப்பவரின் நிலையும் அதுதான். அந்தச் சம்பளத்துக்கு ஆண்டு ஏறாது. பெயரை மாற்றலாம். ஏற்கெனவே கணவர் கணக்கில் வீணாகிப்போன வரவை மனைவிக்கு மாற்றித் தரும்படியும் வரித் திணைக்களத்திடம் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கால எல்லை உண்டு என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாவது கூட்டம், நல்ல சம்பளக்காரர்கள். 2013 ஜனவரியிலிருந்து, தாய் தந்தையரில் ஒருவர் 50,000 பவுணுக்கு மேல் உழைத்தால் இந்தப் பணத்தை வரியாகத் திருப்பி எடுக்கும் முறை வந்தது. 2024 ஏப்ரலில் அந்த எல்லை 60,000 ஆனது. 80,000 தொட்டால் முழுவதும் போய்விடும். "எங்களுக்குக் கிடைக்காது" என்று சொல்லி எத்தனையோ பேர் படிவத்தையே தொடவில்லை. பணம் வேண்டாம் என்று குறித்துவிட்டு விண்ணப்பத்தை மட்டும் போடலாம். வரியும் வராது, வரவும் தாயின் கணக்கில் ஏறும். பிந்திப் போட்டால் மூன்று மாதம்தான் பின்னோக்கிச் செல்லும். விட்டுப்போன ஆண்டுகளை 2026 ஏப்ரல் முதல் கேட்டுப் பெற வழி செய்யப்படும் என்று அரசு அறிவித்திருந்தது. ஆனால் யாரும் வாசற்கதவைத் தட்டித் தரப்போவதில்லை, கேட்டால்தான் உண்டு. ஓய்வூதியத்தைக் கொண்டுபோய் இன்னொரு கொடுப்பனவின் படிவத்தில் கட்டிவைத்ததே கோளாறான ஏற்பாடு. அதற்கு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

பிள்ளைகளைக் கூட்டி வந்து மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மம்மாக்களையும் அப்பம்மாக்களையும் மறக்காதீர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்து பிள்ளை வளர்த்தவர்களுக்கு, 1978 முதல் 2010 வரை வேறொரு பாதுகாப்பு இருந்தது. ஓய்வூதியத்துக்குத் தேவைப்படும் ஆண்டுகளின் எண்ணிக்கையை அது குறைத்தது. ஆனால் 2000 மே மாதத்துக்கு முந்திய விண்ணப்பங்களில் தேசியக் காப்புறுதி இலக்கம் கட்டாயமாக இருக்கவில்லை. அப்படி இலக்கமில்லாமல் போன பல தாய்மாரின் பதிவு அவர்களுடைய கணக்கில் சேரவே இல்லை. 2023இலிருந்து திணைக்களம் கடிதம் அனுப்பத் தொடங்கியது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டி அந்தக் கடிதத்தை எங்கே வைத்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே ஓய்வூதியம் பெறுபவர்களும் திருத்தம் கேட்கலாம். இறந்துபோனவருக்காகக் குடும்பத்தாரும் கேட்கலாம்.

ஓய்வூதிய வயதை எட்டாத பாட்டிமாருக்கு இன்னொன்றும் இருக்கிறது. மகள் வேலைக்குப் போக, 12 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளையைப் பார்ப்பவர் இந்த நாட்டிலேயே வசிப்பவரானால், மகளுக்குத் தேவைப்படாத வரவைத் தன் கணக்குக்கு மாற்றக் கேட்கலாம். 2011 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் மகள் வீட்டில் சைல்ட் பெனிபிட் விண்ணப்பம் இல்லையென்றால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து விருந்தாளி விசாவில் ஆறு மாதம் வந்து நிற்பவருக்கு இது பொருந்தாது. (வேலை என்னவோ அவருக்குத்தான் அதிகம்.)

ஒரு எச்சரிக்கை. அரச பொது நிதி பெற அனுமதியில்லாத விசாவில் இருப்பவர்கள் இதைக் கேட்கக் கூடாது. சைல்ட் பெனிபிட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தெரியாமல் எடுத்தால் விசாவுக்கே வினையாகலாம். மாணவர் விசா, வேலை விசா குடும்பங்கள் இப்போது உங்கள் பாடசாலைகளில் பல இருக்கும். அதனால் யாரிடமும் விசாவை விசாரிக்காதீர்கள். துண்டுப் பிரசுரத்தில் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் தாமதிக்காமல் விண்ணப்பிக்கலாம் என்பதையும் கீழே சேருங்கள்.

உங்களை ஆலோசனை நிலையம் நடத்தச் சொல்லவில்லை. பரிசளிப்பு விழா மலரில் வீட்டுக்கடன் முகவர்களுக்கும் நகைக்கடைகளுக்கும் முழு வண்ணப் பக்கங்கள் கிடைக்கின்றன. அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் பக்கம் போதும். பதிவு நாளில் ஒரு மேசை, இரண்டு கதிரை, இணைய வசதி. தங்கள் தேசியக் காப்புறுதிப் பதிவை அரச இணையத்தளத்தில் பார்க்கத் தெரிந்த இளையவர்கள் உங்கள் உயர்வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். தாய்மார் தம் கைபேசியில் தாமே திறந்து பார்க்க அவர்கள் பக்கத்தில் நின்றால் போதும், இலக்கமோ கடவுச்சொல்லோ யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை.

பக்கத்துக்கான வாசகத்தைத் தமிழில் எழுதி, விவரமறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, ஆகஸ்ட் முடிவதற்குள் தர நான் ஆயத்தம். எந்தப் பாடசாலையும் தன் பெயரைப் போட்டு அச்சிட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து ஒரு பெற்றோர்