நம்மட ஆக்கள் கூடுதலா இருக்கிற பேட்ச்ல நாம எப்பிடி நடக்கிறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கம்பஸ் மாணவர்கள்ட இன ஒற்றுமை பத்தி உங்கட பத்திரிகையில அடிக்கடி செய்தி வருது, பொங்கல் விழா, இப்தார், வெசாக் கூடு எண்டு மூணு இனத்துப் புள்ளைகளும் சேந்து நிண்ட படத்தோட. நல்ல விஷயம்தான், நானும் அப்பிடிப் படத்துல நிண்டிருக்கன், சந்தோசமாத்தான் நிண்டன். ஆனா விழா முடிஞ்ச அடுத்த நாள் லெக்சர் ஹோல்ல யாரு யாருக்குப் பக்கத்துல இருக்கிறாங்க, எஸைன்மென்ட் குரூப்ல யாரச் சேக்கிறாங்க, யாருக்கு நோட்ஸ் போகுது யாருக்குப் போகல்ல எண்டுறத ஒருத்தரும் எழுதுறதில்ல, அதப் பத்தித்தான் எனக்குச் சொல்ல இருக்கு.

நான் அம்பாறை மாவட்டத்துக் காரைதீவு. வடக்கால சாய்ந்தமருது, தெற்கால நிந்தவூர், ரெண்டும் முஸ்லிம் ஊர். மட்டக்களப்புல பஸ் ஏறினா அக்கரைப்பற்று வரைக்கும் இப்பிடித்தான், காத்தான்குடி தாண்டினா ஆரையம்பதி, மருதமுனை தாண்டினா பாண்டிருப்பு எண்டு தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். பேசுறது ஒரே தமிழ், தாய்வழியில குடி, அதாவது குலம், பாக்கிற வழக்கம்கூட ரெண்டு பக்கமும் இருக்கு. ஆனா ஸ்கூல் மட்டும் வேற வேற. முஸ்லிம் பாடசாலைக்கு நோன்போட லீவு, எங்களுக்கு வேற நேரம் லீவு, உகனை, அம்பாறை டவுன் பக்கத்துச் சிங்களப் புள்ளைகள் எண்டா படிக்கிற மொழியே வேற. முதலாம் ஆண்டுலருந்து ஏ.எல். (உயர்தரம்) வரைக்கும் இப்பிடிப் படிச்சுப்போட்டு இருபது வயசுலதான் முதல்முதலா ஒரே மேசையில இருக்கிறம். கல்முனை ரியூசன் கிளாஸ்ல கலந்து இருப்பம்தான், ஆனா அங்க யாரு யாரோட கதைக்கிற, ரியூட் தாள வாங்கினா அடுத்த கிளாஸுக்கு ஓடணும்.

2019 ஏப்ரல் 21ல, உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு, முஸ்லிம் பேர்ல இயங்கின தீவிரவாதிகள் வைச்ச குண்டு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல வெடிச்சு சின்னப் புள்ளைகளும் செத்த பிறகு அந்தக் கொஞ்சப் பழக்கமும் குறைஞ்சிச்சி. நான் அப்ப ஸ்கூல்ல. செத்தவங்கட வீட்டுத் துக்கம் உண்மையான துக்கம், அத யாரும் சின்னதாக்க ஏலா. ஆனா அதுக்காக எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் புள்ளைகளக் கண்ட இடத்துல முறைச்சுப் பாத்ததும், அவங்கட கடைக்குப் போகாதீங்க எண்டு சொல்லித் திரிஞ்சதும் நியாயம் இல்ல. அந்த வயசுல அதயெல்லாம் கேட்டு வளந்த ஆக்கள்தான் இப்ப கம்பஸ்ல இருக்கிறம்.

அட்மிஷன் கதையையும் சொல்லணும். ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வந்தா, அவங்கட ஆக்கள் நம்மட இடத்த எடுத்துட்டாங்க எண்டு மூணு பக்கமும் ஒரு கதை ஓடும். 1970களின் தொடக்கத்துல மொழி பாத்துத் தரப்படுத்தினாங்க, தமிழ்ப் புள்ளைகளுக்குக் கூடப் புள்ளி கேட்டாங்க, அது எவ்வளவு பெரிய காயம் எண்டும் அது எங்க கொண்டுபோய் விட்டிச்சி எண்டும் நம்மட வீடுகள்ல எல்லாருக்கும் தெரியும். இப்ப இருக்கிற முறை அது இல்ல. கலைப்பிரிவ விட்டுட்டுப் பாத்தா பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் முழு நாட்டுக்கும் இசட் ஸ்கோர் (ஏ.எல். புள்ளிகள ஒப்பிட்டுக் கணக்குப் போடுற புள்ளி) வரிசையில, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் வசதி குறைஞ்ச மாவட்டங்களுக்கு, அதுல மட்டக்களப்பும் இருக்கு அம்பாறையும் இருக்கு. அம்பாறை மாவட்டத்துக்கு ஒரே வெட்டுப்புள்ளிதான், காரைதீவுப் புள்ளைக்கும் நிந்தவூர்ப் புள்ளைக்கும் உகனைப் புள்ளைக்கும் அதே கணக்கு, இனத்துக்கு எண்டு தனியா இடம் இல்ல. இதுல அநியாயம் தேடுறவங்க மட்டக்களப்பு ஆத்துக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைக்குப் போய்ப் பாக்கட்டும், டவுன் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்கும் மெட்ஸுக்கும் டீச்சர் இருக்க, அங்க உள்ள புள்ளை ஆத்தக் கடந்து ரியூசனுக்கு வந்துதான் அதே பேப்பர எழுதுது. அதப் பத்திச் சண்டை புடிச்சா நானும் வாறன்.

இனி கம்பஸுக்குள்ள. லெக்சரர், ‘நீங்களே குரூப் பிரிச்சுக்கோங்க’ எண்டு சொல்லிட்டுப் போனா அஞ்சு நிமிசத்துல தமிழ் ஒரு பக்கம், முஸ்லிம் ஒரு பக்கம், சிங்களம் ஒரு பக்கம். யாருட குரூப்லயும் சேராம நிக்கிற ரெண்டு மூணு பேர் கடைசியில ஒண்டாகுவாங்க, அவங்களுக்கு நோட்ஸும் வராது, பாஸ்ட் பேப்பரும் வராது. குப்பியும் (மாணவர்களே மத்தவங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற கிளாஸ்) அப்பிடித்தான், கெட்டிக்காரப் பொடியன் ஒருத்தன் குப்பி போட்டா அவன்ட மொழி ஆக்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போகும். எங்களுக்கு ஒரு சேர் இன்டெக்ஸ் நம்பர் வரிசையில குரூப் பிரிச்சார். முதல்ல நாங்க எல்லாரும் முணுமுணுத்தம். என்ட குரூப்ல குருநாகல் புள்ள ஒராள், ஏறாவூர்ப் பொடியன் ஒராள், வாகரைப் புள்ள ஒராள், பிரசன்டேசனுக்கு ராராவா இருந்து அடிபட்டு எழுதினம். மறுகா எங்கட வீட்டுல ஒரு செத்த வீடு வந்த நேரம் முதல்ல வந்து நிண்டது அந்த குரூப்தான், குருநாகல் புள்ள ரெண்டு பஸ் மாறி வந்தா. விழா மேடையில கிடைக்காத நட்பு எனக்கு அந்த எஸைன்மென்ட்லதான் கிடைச்சிச்சி.

நியாயமா நடக்கிறமா எண்டு பாக்கிறதெண்டா நாம குறைவா இருக்கிற இடத்துல பாக்கக் கூடாது, அங்க நாம கேக்கிறது நம்மட உரிமை. நாம கூட இருக்கிற இடத்துலதான் பாக்கணும். பேராதனையிலயோ கொழும்புலயோ படிக்கிற தமிழ்ப் புள்ளை, பேட்ச் வட்ஸ்அப் குரூப்ல எல்லாம் சிங்களத்துல போகுது, எனக்கு ஒண்டும் விளங்கல்ல, டெஸ்ட் இருந்ததே தெரியல்ல எண்டு அழுதா நமக்குக் கோவம் வருது, வரத்தான் வேணும். அப்ப கிழக்குல நம்மட பேட்ச்ல தமிழ்ல மட்டும் மெசேஜ் போட்டு, லெக்சர் கென்சல் ஆனது தெரியாம வந்து வெயிலுக்குள்ள நிக்கிற அநுராதபுரத்துப் புள்ளைக்கு என்ன சொல்லப் போறம்? தமிழ் ஆக்கள் கூட உள்ள பேட்ச்ல வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்கு பிரெக்டிகல் வைக்கிறதும், முஸ்லிம் ஆக்கள் கூட உள்ள பேட்ச்ல சிவராத்திரிக்கு அடுத்த நாள் காலமை டெஸ்ட் வைக்கிறதும் ஒரே பிழைதான். நோன்பு மாசத்துல பின்னேரம் ஆறரை வரைக்கும் மீட்டிங் இழுக்கிறதும் அப்பிடித்தான். அனேகமா யாரும் வேணுமெண்டு செய்யிறதில்ல, மத்த ஆக்கள்ட கலண்டர யாரும் பாக்கிறதே இல்ல, அவ்வளவுதான். அதனாலதான் திருத்திறதும் லேசு எண்டு சொல்றன்.

சீனியர்மார்ல சிலர் ஃபர்ஸ்ட் இயர் புள்ளைகளக் கூப்பிட்டு, ‘உங்கட ஆக்களோட மட்டும் இரிங்க, மத்தவங்களோட சேந்தா பேட்ச்ல இருந்து தள்ளி வைப்பம்’ எண்டு வெருட்டுறதும் நடக்குது. இதையும் ராகிங் எண்டுதான் எடுக்கணும். பகிடிவதைத் தடைச் சட்டம் 1998லயே வந்த சட்டம், அடிச்சாத்தான் குற்றம் எண்டு இல்ல, மனசுக்கு வேதனை குடுக்கிறதும் வெருட்டுறதும் அதுக்குள்ள வரும்.

யுத்தத்துல முஸ்லிம் மாணவர்கள் இடம்பெயர்ந்து படிப்பு நிண்டு போனதும் 1995ல தென்கிழக்குல தனியா ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கினதுக்கு ஒரு காரணம், 1996ல அது பல்கலைக்கழகம் ஆச்சு. இண்டைக்கு ஒலுவில்ல இருக்கிற அந்தக் கம்பஸ்லயும் சரி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துலயும் சரி மூணு இனத்துப் புள்ளைகளும் படிக்கிறாங்க. இவ்வளவு நட்டப்பட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு நோட்ஸுக்கும் ஒரு டெஸ்ட் டேட்டுக்கும் நாம பிரியக் கூடாது.

கம்பஸ் நிர்வாகத்துக்கும் பேட்ச் ரெப்மாருக்கும் உங்கட பத்திரிகை மூலமாக் கேக்கிறன். அடுத்த பேட்ச் உள்ள வரக்குள்ள முதல் கிழமையிலயே குரூப் லிஸ்ட்ட இன்டெக்ஸ் நம்பர் வரிசையில ஒட்டுங்க, ஹொஸ்டல் ரூமையும் அப்பிடியே குடுங்க. டெஸ்டுக்கும் எக்ஸாமுக்கும் டேட் போட முதல் மூணு இனத்திலயும் ஒவ்வொராள் இருந்து பாத்துட்டுப் போடட்டும். பேட்ச் குரூப்ல லெக்சர், டெஸ்ட், ஃபோம் சம்பந்தமான மெசேஜ் எல்லாம் தமிழ்லயும் சிங்களத்துலயும் போகணும், மொழி தெரிஞ்ச ஒராள் எல்லா பேட்ச்லயும் இருக்கிறாங்க, கேட்டா செய்து குடுப்பாங்க.

இப்படிக்கு,
இறுதி வருட மாணவி,
காரைதீவு.